நவோதயாவின் வாசலில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளான ஜவாஹர் நவோதயா வித்யாலயாக்களைத் தமிழ்நாட்டில் திறக்கலாமா, கூடாதா என்று தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். திறக்க வேண்டும் என்போர் ஏழைப் பிள்ளைகளின் பெயரால் பேசுகிறார்கள். கூடாது என்போர் மொழியின் பெயராலும் மாநில உரிமையின் பெயராலும் பேசுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பள்ளி ஏற்கெனவே இருக்கிற புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் என்னும் ஊராட்சிப் பகுதியைச் சேர்ந்த கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இந்த விவாதத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அது அந்தப் பள்ளியின் வாசல். அதாவது, பத்து வயதுப் பிள்ளையை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-86இல் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராட்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முயற்சியாக இரண்டு பள்ளிகள் தொடங்கப்பட்டன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதையே மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்னும் திட்டமாக்கியது. அப்போது கல்வியைக் கவனித்த மத்திய அமைச்சர் பி.வி. நரசிம்ம ராவ், 1971இல் ஆந்திர முதலமைச்சராக இருந்தபோதே சர்வேல் கிராமத்தில் உண்டு உறைவிடப் பள்ளியைத் தொடங்கிப் பார்த்தவர். இன்று நாடெங்கும் 650க்கு மேற்பட்ட நவோதயா பள்ளிகள் இருக்கின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்று நான்கு பகுதிகளிலும் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவற்றுக்கு வழிவிடும்படி உத்தரவிட்டதும், அதே ஆண்டு திசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் தங்கள் வாசகர்கள் அறிந்தவை.

இந்தத் திட்டத்தின் எண்ணத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நூற்றுக்கு 75 இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்காவது பெண் குழந்தைகளுக்கு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பாடநூல் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பு முதல் மாதம் 600 ரூபாய் வாங்குகிறார்கள். பெண் குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோருக்கு அதுவும் கிடையாது. நாற்று நடப் போகிற தாயின் மகள் இதைவிட நல்ல பள்ளியில் காசு கொடுத்துப் படிக்க வழியே இல்லை. என் வகுப்பிலிருந்து போன பிள்ளைகளில் சிலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பள்ளியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆனால் அந்த வாசல் யாருக்காகத் திறந்து வைக்கப்பட்டதோ அவர்களுக்கு முன்னால் வேறு பலர் முண்டியடித்து நிற்கிறார்கள். அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு 80 இடங்கள். தேர்வு இரண்டு மணி நேரம், காலை 11.30 முதல் பிற்பகல் 1.30 வரை. கேள்விகள் 80, மதிப்பெண் 100. அதில் சரிபாதி, அதாவது 40 கேள்விகள், மனத்திறன் சார்ந்தவை. மீதி 40இல் பாதி கணக்கு, பாதி மொழி. மனத்திறன் பகுதியில் எழுத்தே இருக்காது, படங்கள்தாம். நான்கு உருவங்களில் எது மாறுபட்டது, கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியும், தாளை மடித்துத் துளையிட்டுப் பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்பன போன்ற கேள்விகள். படிப்பு வசதி இல்லாத பிள்ளையும் இயல்பான அறிவால் விடை சொல்ல முடிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அமைத்தது என்று நினைக்கிறேன். நடைமுறையில் அந்த எண்ணம் தலைகீழாகிவிட்டது. படக் கேள்விகள் பயிற்சிக்கு மிக எளிதில் வசப்படுபவை. இதே வகைப் படங்களை ஆயிரம் முறை பார்த்த பிள்ளைக்கும், தேர்வறையில் முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளைக்கும் அறிவில் வேறுபாடு இல்லாவிட்டாலும் மதிப்பெண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு வந்துவிடும். 

அதனால்தான் பயிற்சி மையங்கள் முளைத்தன. மூன்றாம் வகுப்பிலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு மூன்று மணி நேரம், சனி ஞாயிறுகளில் முழு நாள், கோடை விடுமுறை முழுதும் என்று பிள்ளைகள் படக் கேள்விகளையே மென்றுகொண்டிருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு மையத்தில் வாங்கிய ஆண்டுக் கட்டணம், எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் அந்த ஆண்டு முழுதும் கையில் பார்க்கிற கூலியைவிடக் கூடுதல். இலவசப் பள்ளிக்குள் நுழையப் பணம் வேண்டும் என்று ஆகிவிட்டால், அந்த இலவசம் யாருக்குப் போய்ச் சேரும்?

கிராமத்து ஒதுக்கீட்டுக்கும் இதே கதிதான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமப்புறப் பள்ளியில் முழுமையாகப் படித்திருந்தால்தான் ஒரு பிள்ளை அந்த ஒதுக்கீட்டில் வர முடியும் என்பது விதி. விதியைப் போட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் போட்டார்கள். ஆனால் நகரத்தில் வீடும் வேலையும் உள்ள பெற்றோர், பிள்ளையை மூன்றாம் வகுப்பிலேயே கிராமப் பள்ளியில் சேர்த்துவிட்டு, தினமும் காரில் கொண்டுவந்து விட்டு அழைத்துப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல மாட்டேன். விதிப்படி அவர்கள் செய்ததில் தவறே இல்லை. ஆனால் அதே வகுப்பில் பின் வரிசையில், காலையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பிள்ளையின் இடம் அந்தக் காரில் ஏறிப் போனது.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாகூரின் நிலங்களும் கடலூர் மாவட்டத்தின் நிலங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, அடுத்த வரப்பைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. நவோதயா இருக்கும் காலாப்பட்டுக்குப் போகிற பேருந்துகூடப் புதுச்சேரி நகரைத் தாண்டியதும் கோட்டக்குப்பம் வழியாகத் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்துதான் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைகிறது. பள்ளி இருக்கிற மாவட்டத்தில் வசித்து, அங்கேயே ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைதான் தேர்வு எழுதலாம். ஆகவே ஒரே கோயில் திருவிழாவுக்கு வருகிற, ஒரே குளத்தில் நீந்துகிற இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு விண்ணப்பம் உண்டு, மற்றவளுக்கு இல்லை. "டீச்சர், இவளை மட்டும் உங்க ஸ்கூல்ல சேர்த்துக்குங்க, எங்க அக்கா வீடு இங்கதான் இருக்கு" என்று எல்லைக்கு அப்பாலிருந்து வந்து நின்ற தாய்மார்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் தவித்திருக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகத் தமிழ்நாட்டிலும் நவோதயா வேண்டும் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு ஈடாக என்ன கொடுக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பயிற்சி மையத்துக்கு மாற்று இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அது அரசுத் தொடக்கப் பள்ளியின் திண்ணை. நான் பணியில் இருந்தபோது மாலை மணி அடித்த பிறகு ஒரு மணி நேரம் விருப்பமுள்ள பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்வேன். தங்கள் நாளிதழின் பழைய தாள்கள்தாம் எங்களுக்குப் பயிற்சிக் கருவி. தாளை நான்காக மடித்து, காம்பஸ் முனையால் ஒரு துளை போட்டு, பிரிப்பதற்கு முன் துளைகள் எங்கெங்கே வரும் என்று சிலேட்டில் புள்ளி வைக்கச் சொல்வேன். பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். தவறாகப் புள்ளி வைத்த பிள்ளை தானே மறுபடி மடித்து, மடிப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்று விரலால் தடவிப் பார்க்கும். நான்கைந்து நாள்களில் தாள் இல்லாமலே மனத்துக்குள் மடித்துப் பார்க்கப் பழகிவிடுவார்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை. தேர்வுக்குப் போகாத பிள்ளைகளும் இதில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் வடிவக் கணக்கு கைவந்தது. 

விடைத்தாளில் சரியான விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்குவதுகூடப் பழக்க வேண்டிய ஒன்று. என்னிடம் படித்த ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன், தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அழுதுகொண்டே வந்தான். பேனாவை அழுத்தி அழுத்தி நிரப்பியதில் தாள் கிழிந்துவிட்டது என்றான். அதுவரை அவன் பென்சிலைத் தவிர வேறெதையும் பிடித்து எழுதியதில்லை. அது என் தவறு. அடுத்த ஆண்டிலிருந்து, தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே எல்லார் கையிலும் பந்துமுனைப் பேனா கொடுத்து, வெறும் வட்டங்களை நிரப்பச் சொல்லிப் பழக்கினேன். ஆனால் அந்தப் பையனுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. ஆறாம் வகுப்புக்கான தேர்வை ஒருமுறை எழுதியவர் மறுமுறை எழுத முடியாது. விடைத்தாள் மறுமதிப்பீடும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் காலியாகிற இடங்களுக்குத் தனியே சேர்க்கை நடப்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் சொற்பம். பத்து வயதில் காய்ச்சலோடு போன ஒரு காலைப் பொழுது ஏழாண்டுப் படிப்பைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த ஏற்பாட்டை மறுபடி யோசிக்க வேண்டாமா? மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வைப் பதினேழு வயதுப் பிள்ளை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற நாட்டில், பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு ஏன் இல்லை?

இன்னொன்றையும் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் எந்த மொழியில் தேர்வு எழுதப் போகிறார் என்று கேட்பார்கள். தமிழில் எழுதலாம். ஆனால் வீட்டில் தமிழும் பள்ளியில் பாதித் தமிழுமாக வளர்கிற பிள்ளைகளுக்குக்கூட, மதிப்பாக இருக்கட்டும் என்று பெற்றோர் ஆங்கிலத்தைக் குறித்துவிடுகிறார்கள். மொழிப் பகுதி என்பது நான்கு பத்திகளைப் படித்துப் பொருள் புரிந்து விடையளிப்பது. அதோடு கணக்குப் பகுதியின் கேள்விகளையும் படித்துத்தான் ஆக வேண்டும். எந்த மொழியில் கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்து வாசிக்கிறதோ அந்த மொழியில்தான் பிள்ளை வேகமாக விடை எழுதும். இந்த எளிய உண்மையைச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் நான் பெற்றோரிடம் மன்றாடியிருக்கிறேன்.

தேர்வாகி உள்ளே போன பிள்ளைகளின் முதல் மூன்று மாதங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். தேர்வானவர் பட்டியல் வந்ததும் ஊரே கொண்டாடும். இரும்பு டிரங்குப் பெட்டி, வாளி, குவளை, பூட்டு, எண் எழுதிய துணிகள் என்று வாங்கிச் சேர்ப்பார்கள். அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில், "உனக்குப் போக விருப்பமா?" என்று பிள்ளையை யாரும் கேட்பதில்லை. விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சிக்கு ஓட வேண்டும், தன் துணியைத் தானே துவைக்க வேண்டும், மெஸ்ஸில் வரிசையில் நின்று சாப்பிட வேண்டும், இரவில் மேற்பார்வையில் உட்கார்ந்து படிக்க வேண்டும், கைப்பேசி கிடையாது, பெற்றோர் குறித்த நாளில்தான் வந்து பார்க்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அழுது தீர்த்துவிட்டுப் பழகிக்கொள்கிறார்கள். சிலரால் முடிவதில்லை. என் மாணவி ஒருத்தி இரண்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். சீட்டை வீணாக்கிவிட்டாள் என்று தெருவே அவளைப் பேசியது. அவள் என் வீட்டுக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ராத்திரி தம்பி பக்கத்துல இல்லாம தூக்கம் வரல டீச்சர்" என்றாள். தம்பிக்கு அப்போது மூன்று வயது. வேலைக்குப் போகிற அம்மாவுக்குப் பதிலாக அவனை வளர்த்ததே அவள்தான். அவள் பிறகு எங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே படித்துச் செவிலியர் ஆனாள். ஆனால் அந்த ஆண்டு அவள் பட்ட அவமானத்தை அந்தத் தெருவில் யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2013 முதல் 2017 வரையிலான ஐந்தாண்டுகளில் நாடெங்கும் நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக 2018 திசம்பரில் செய்தி வெளியாகி, தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போனது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தலித், பழங்குடிப் பிள்ளைகள். அதன் பிறகு பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்தும் பேச்சு வலுப்பெற்றது. பயிற்சி பெற்ற ஆலோசகர், பிள்ளையின் தாய்மொழி பேசுபவராக, பகுதி நேரத்துக்கு வந்து போகிறவராக இல்லாமல் அங்கேயே இருப்பவராக ஒவ்வொரு பள்ளியிலும் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வகுப்பெடுத்த ஆசிரியரே மாலையில் ஹவுஸ் மாஸ்டர் என்னும் விடுதிப் பொறுப்பாளராகவும் இரவில் காவலராகவும் இருக்கும்போது, அழுகிற பிள்ளையின் அருகில் உட்கார அவருக்கு ஏது நேரம்?

படிப்பின் தரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. பன்னிரண்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நவோதயா பள்ளிகளின் தேர்ச்சி 99 சதவீதத்தை ஒட்டியே இருந்து வருகிறது. மாவட்டத்தில் பொறுக்கி எடுத்த 80 பேர் தேர்ச்சி பெறுவதில் வியப்பில்லை என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் மதிப்பது வேறொன்றை. ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்கு 30 பேரை, இந்தி பேசாத பகுதியிலிருந்து இந்தி பேசும் பகுதிப் பள்ளிக்கும் அங்கிருந்து இங்குமாக ஓராண்டுக்கு இடம் மாற்றி அனுப்புகிறார்கள். அப்படி வடக்கே போய்த் திரும்பிய என் பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தபோது, அங்கே குளிரில் விறைத்ததையும், சோறு கேட்டு மெஸ்காரரிடம் நட்பு பிடித்ததையும் சொல்லிவிட்டு, தன்னோடு இருந்த பையனுக்குத் தமிழில் ஒன்று முதல் நூறு வரை எண்ணக் கற்றுக்கொடுத்ததை அத்தனை பெருமையாகச் சொன்னான். எல்லா நவோதயா பள்ளிகளிலும் மாணவர்களை ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று நான்கு இல்லங்களாகப் பிரிப்பார்கள். அவன் நீலகிரி இல்லம். "இங்கேயும் நீலகிரி, அங்கேயும் நீலகிரி, ஆனா நீலகிரியில நவோதயா இல்ல டீச்சர்" என்று அவன் சொன்னது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது.

ஆகவே இந்தப் பள்ளிகளை நடத்தும் நவோதயா வித்யாலயா சமிதிக்கும் புதுச்சேரிக் கல்வித் துறைக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் பெரியதல்ல. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் பள்ளி நேரத்திலேயே வாரம் இரண்டு மணி நேரம் படக் கேள்விகளையும் விடைத்தாள் நிரப்புதலையும் பழக்க ஆணை பிறப்பியுங்கள். பழைய வினாத்தாள்களைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புங்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டுமே என்று இருப்பதால், ஆதார் எண்ணில் பிழை, புகைப்படத்தின் அளவில் பிழை என்று அலைகிற பெற்றோருக்குத் தலைமையாசிரியரே பதிவு செய்துகொடுக்கட்டும். எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்தோம். உடல்நலக் குறைவால் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கும், முதல் முறை தேர்வாகாத பிள்ளைக்கும் வயது வரம்புக்குள் இன்னொரு முறை எழுத இடம் கொடுங்கள். தேர்வான பிள்ளைகளைச் சேர்க்கைக்கு முன் பெற்றோரோடு ஒரு நாள் விடுதிக்கு அழைத்துத் தங்க வைத்து, அந்த இரவுக்குப் பிறகு பிள்ளையையே கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பள்ளிகள் ஒரு நாள் வந்தாலும், வராமல் மாநில அரசே தன் உறைவிடப் பள்ளிகளைப் பெருக்கினாலும், அங்கேயும் இதே வாசலில் இதே பத்து வயதுப் பிள்ளைதான் வந்து நிற்கப் போகிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முடிவுகள் வருகிற நாளில், தேர்வான பிள்ளைகளின் படங்களோடு பயிற்சி மையங்களின் முழுப் பக்க விளம்பரங்கள் தங்கள் இதழில் வருகின்றன. அந்த விளம்பரங்களைத் தேர்வாகாத பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவற்றை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அடுத்த சேர்க்கை அறிவிப்பு வெளியாகிற நாளில், யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன சான்று வேண்டும், கடைசி நாள் எது, எந்த மொழியில் எழுதலாம் என்பதை எளிய தமிழில், புதுச்சேரி, காரைக்கால் பதிப்புகளின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். கிராமத்துத் தேநீர்க் கடையில் தங்கள் இதழை யாராவது ஒருவர் உரக்கப் படிப்பார். பயிற்சி மையத்தின் வாசலை மிதிக்க வழியில்லாத ஒரு தகப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கு வருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
பாகூர் கொம்யூன், புதுச்சேரி.